சட்டைப்பையும் சம்படமும்

மாலை நான்கு மணி இருபது நிமிடத்துக்குப் பள்ளி வேன் எங்கள் தெருமுனையில் வந்து நிற்கும். ஏழு வயதுப் பேரன் புத்தகப் பையுடன் குதித்து இறங்குவான். அவன் கண்கள் என் முகத்தைப் பார்க்குமுன் அவன் கை என் சட்டைப்பைக்குள் நுழைந்துவிடும். அங்கே அவனுக்காக ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு நாள் கிரீம் வைத்த பிஸ்கட், ஒரு நாள் காற்றடைத்த சிப்ஸ் பொட்டலம், ஒரு நாள் பல்லில் ஒட்டிக்கொள்ளும் மிட்டாய். அந்த ஒரு கணத்துக்காகவே நான் பகல் முழுவதும் காத்திருந்தேன் என்று சொன்னால் மிகையன்று. மனைவி மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மகனும் மருமகளும் அலுவலகம் சென்றபின் அந்த வீட்டில் கடிகாரமும் நானும்தான். என் சட்டைப்பையைத் தேடி வரும் அந்தச் சிறு கை, என்னைத் தேடி வருவதாகவே நான் எண்ணிக்கொண்டேன்.

இந்த வழக்கத்துக்கு ஒரு முன்னோடியும் உண்டு. தூத்துக்குடியில் ஓர் ஆலையில் வேலை பார்த்த என் தந்தையார், சனிக்கிழமை கூலி வாங்கி வரும்போது காராச்சேவோ பூந்தியோ ஒரு தாள் பொட்டலத்தில் வாங்கி வருவார். நாங்கள் ஐந்து பேரும் சுற்றி அமர, அம்மா அதை எண்ணாத குறையாகப் பங்கிடுவாள். கைக்கு வருவது ஒரு பிடிதான். அந்தப் பொட்டலத்தின் மணம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. தந்தையின் அன்பு என்றால் என் மனக்கண்ணில் தோன்றுவது அந்தச் சணல் நூல் கட்டிய பொட்டலம்தான். ஆகவே பேரனுக்கு நான் வாங்கிக் கொடுத்ததும் அன்புதான் என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. என் தந்தை வாரத்துக்கு ஒரு முறை வாங்கி வந்தார், நான் நாள்தோறும் வாங்கினேன் என்ற கணக்கு, முப்பது ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்த எனக்குத் தோன்றாமல் போனது.

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள் இரவு பேரன் பல்வலியால் அழுதான். மறுநாள் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். பால் கடைவாய்ப் பற்கள் நான்கில் சொத்தை விழுந்திருந்தது. அவன் முகம் வெளிறியிருந்ததைக் கவனித்த அவர், இரத்தமும் சோதித்துப் பார்த்துவிடுங்கள் என்றார். ஹீமோகுளோபின் 10.2 என்று வந்தது. அந்த வயதுக்கு அது குறைந்தது 11.5 இருக்க வேண்டும் என்றார் குழந்தை மருத்துவர். வீட்டில் அவன் என்னவெல்லாம் சாப்பிடுகிறான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் தலைகுனிந்து பதில் சொன்னேன். மாலையில் பிஸ்கட்டை என் தேநீரில் நனைத்துத் தின்பான், அந்தத் தேநீரிலும் பாதி அவனுக்குத்தான் என்றேன். உணவோடு குடிக்கும் தேநீர், பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள விடாமல் தடுக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பல்லைப் பற்றியும் ஒன்றை அன்று கற்றேன். வாயிலுள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. ஒவ்வொரு முறை இனிப்புத் தின்னும்போதும் அந்த அமிலம் சிறிது நேரம் பல்லை அரிக்கிறது. பின்னர் உமிழ்நீர் மெல்ல மெல்ல அதைச் சரிசெய்கிறது. ஆகவே எவ்வளவு தின்றான் என்பதோடு எத்தனை முறை தின்றான் என்பதும் முக்கியம். ஒரே பொட்டலத்தை மூன்று மணி நேரம் கொறித்துக்கொண்டிருக்கும் குழந்தையின் பல்லுக்கு ஓய்வே கிடைப்பதில்லை. இரவு உணவின்போது அதற்குப் பசியும் இருப்பதில்லை.

மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அன்றே மருமகள், "இனிமே கடைத் தின்பண்டம் ஒண்ணும் வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்று உறுதியாகச் சொன்னாள். அவள் அப்படிச் சொன்னதில் தவறில்லை. நானும் தலையாட்டினேன்.

ஆனால் நான்கு இருபதுக்கு வேன் வந்தது. சிறு கை சட்டைப்பைக்குள் நுழைந்து வெறுமையாக வெளியே வந்தது. அவன் முகம் வாடியது. மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் பையில் ஒரு சிறு பொட்டலம் இருந்தது. "அம்மாகிட்ட சொல்லாதே" என்று அவன் காதில் சொன்னேன். அவன் சிரித்தான். எங்கள் இருவருக்கும் இடையே ஓர் இரகசியம் பிறந்தது. அது எனக்கு இனித்தது என்பதை இன்று வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

டிசம்பரில் கிறிஸ்துமசுக்கு வீட்டை ஒட்டடை அடித்துத் துப்புரவு செய்தோம். என் புத்தக அலமாரியில் அகராதிகளுக்குப் பின்னால் மருமகள் கைவிட்டபோது பிளாஸ்டிக் உறைகள் சரசரத்தன. ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். பதினேழு இருந்தன. பேரனை அழைத்து, "இது யாருடா வச்சது?" என்று கேட்டாள். அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு தாயின் முகத்தை நேராகப் பார்த்து, "எனக்குத் தெரியாதும்மா" என்றான்.

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. கையிலிருந்த செய்தித்தாளைப் புரட்டினேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பிள்ளைகள் உறங்கியபின் அடுக்களைக்குச் சென்று, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். குழாயை மூடிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "மாமா, விழுந்த பல் மறுபடி முளைச்சிடும். ஆனா அவன் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லப் பழகிட்டானே, அதுக்கு என்ன செய்யறது?" என்றாள்.

முப்பது ஆண்டுகளில் எத்தனையோ மாணவர்களின் பெற்றோரை அழைத்து நான் அறிவுரை கூறியிருக்கிறேன். அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

மறுநாள் காலையில் பேரனை அருகில் அமர்த்தி, அவன் தாயும் கேட்கும்படி சொன்னேன்: "தாத்தா செஞ்சது தப்பு. உன்னை மறைக்கச் சொன்னது நான். நீ பொய் சொன்னதுக்கும் நான்தான் காரணம்." அவன் திகைத்துப்போனான். பெரியவர்கள் தவறை ஒப்புக்கொள்வதை அவன் அதுவரை கண்டதில்லை போலும். "அப்போ இனிமே ஒண்ணுமே கிடையாதா?" என்று கேட்டான். குழந்தைக்கு அதுதானே கவலை!

அந்தக் கேள்வி எங்களைச் சிந்திக்க வைத்தது. இதுவரை எங்கள் வீட்டில் இரண்டே வழிகள்தாம் இருந்திருக்கின்றன. ஒன்று, கேட்டதையெல்லாம் கொடுப்பது. மற்றது, அறவே மறுப்பது. இரண்டிலும் குழந்தை தானாகத் தேர்ந்தெடுக்கக் கற்கவில்லை. முன்னதில் ஆசை தேர்ந்தெடுத்தது; பின்னதில் அச்சம் தேர்ந்தெடுத்தது.

மகன் சில ஆய்வுகளைத் தேடி எடுத்துத் தந்தான். 1999இல் அமெரிக்காவில் ஜெனிபர் ஃபிஷர், லீன் பிர்ச் என்ற இரு ஆய்வாளர்கள் சிறு குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு தின்பண்டங்களில் ஒன்றை எந்நேரமும் எடுத்துக்கொள்ளலாம். மற்றதை ஒரு கண்ணாடி போன்ற கலத்தில் போட்டு, கண்ணுக்குத் தெரியும்படி வைத்துவிட்டுச் சில நிமிடங்கள் மட்டுமே தின்ன விட்டார்கள். குழந்தைகள் தடுக்கப்பட்ட பண்டத்தைப் பற்றியே பேசினார்கள், அதையே கேட்டார்கள். அலமாரியின் மேல் தட்டில் பூட்டி வைக்கும் பண்டம் குழந்தையின் மனத்தில் எவ்வளவு பெரிதாக வளர்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. "கணக்கை முடித்தால் மிட்டாய்" என்று நான் சொல்லி வந்ததும் இதே தவறுதான். பரிசாக வரும் பண்டத்துக்கு மதிப்புக் கூடிவிடுகிறது.

இன்னொன்று இதைவிடப் பழையது. கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், தாய்ப்பால் மறந்த குழந்தைகளின் முன் பலவகை உணவுகளைத் தட்டில் வைத்து, எதை, எவ்வளவு உண்பது என்பதை அவர்களிடமே விட்டுவிட்டார். அருகிலிருக்கும் செவிலியர் குழந்தை கை நீட்டியதை மட்டுமே ஊட்டலாம். வற்புறுத்தக் கூடாது, தடுக்கவும் கூடாது. 1928இல் முதல் அறிக்கையை வெளியிட்டார். 1939இல் பதினைந்து குழந்தைகளைப் பற்றிய முடிவுகளைக் கூறினார். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதமாகத் தின்றது. ஆயினும் எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தன. குழந்தைக்கு இயற்கையிலேயே அறிவு உண்டு, கேட்டதைக் கொடுங்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளலாமா? கூடாது. டேவிஸ் அவர்களே அதைத் தெளிவாக்கினார். அவர் வைத்த 34 உணவுகளில் பால், முட்டை, மீன், இறைச்சி, தானியம், காய், கனி எல்லாம் இருந்தன. சர்க்கரை இல்லை, இனிப்புப் பண்டம் எதுவும் இல்லை. சூட்சுமம் அந்தப் பட்டியலில்தான் இருந்தது. எதை எடுப்பது என்பது குழந்தையின் உரிமை. எவற்றை முன்னே வைப்பது என்பது பெரியவரின் கடமை. எங்கள் வீட்டில் நான் என் கடமையைக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, அவன் உரிமையையும் கெடுத்திருந்தேன்.

இங்கே என் தலைமுறையைச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. "எங்கள் காலத்தில் இப்படியா தின்றோம்?" என்று நாம் பெருமை பேசுகிறோம். தை மாதம் பனங்கிழங்கு, கோடையில் நுங்கு, மற்ற நாள்களில் சீனிக்கிழங்கு, பொரிகடலை, அவல். உண்மைதான். ஆனால் நாம் நல்லதைத் தேர்ந்தெடுத்துத் தின்றோம் என்பது உண்மையன்று. வேறெதுவும் கிடையாது, அவ்வளவுதான். பல நாள் அதுவும் கிடையாது. தெருவில் மூன்று கடைகள், கடைக்குக் கடை தோரணமாகத் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பொட்டலங்கள் ஆகியவற்றுக்கு நடுவே வளரும் இந்தக் குழந்தைகளுக்கு நமக்கு வராத சோதனை வந்திருக்கிறது. அதில் அவர்கள் தவறினால் நகைக்கும் தகுதி நமக்கில்லை.

அம்மா விட்டுச்சென்ற பித்தளைச் சம்படம் ஒன்று பரணில் கிடந்தது. மூடியுள்ள தூக்கு போன்ற அந்தப் பாத்திரத்தை எங்கள் பக்கத்தில் சம்படம் என்போம். அதைத் துலக்கி, கூட இரண்டு எவர்சில்வர் சம்படங்களையும் சேர்த்து, பேரனுக்கு எட்டும் கீழ்த்தட்டில் வைத்தோம். ஒன்றில் பொட்டுக்கடலையும் பொரியும். ஒன்றில் வறுத்த வேர்க்கடலை. பித்தளைச் சம்படத்தில் எள்ளுருண்டை, நாளைக்கு ஒன்று. மேசைமீது ஒரு தட்டில் வாழைப்பழமோ கொய்யாவோ. நெல்லிக்காய் கிடைக்கும் பருவத்தில் அதுவும் இருக்கும். கொய்யாவிலும் நெல்லியிலும் உள்ள வைட்டமின் சி, தேநீருக்கு நேர்மாறாக, இரும்புச்சத்து உடலில் சேர உதவும். தேநீர் நின்றது. மாலை நாலரைக்கு ஒரு முறை, உட்கார்ந்து, தட்டில் வைத்துத் தின்பது. அதன்பின் இரவு உணவுவரை தண்ணீர் மட்டும். இவ்வளவுதான் எங்கள் சட்டம்.

"என்ன வேண்டும்?" என்று கேட்பதை நிறுத்தினோம். அந்தக் கேள்விக்குக் கடையில் தொங்குவதுதான் விடையாக வரும். "கொய்யாவா, வாழைப்பழமா?" என்று கேட்கத் தொடங்கினோம். இரண்டும் எங்களுக்குச் சம்மதம். தேர்வு முழுவதும் அவனுடையது.

இது உடனே நடந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். முதல் வாரம் பெரும் போராட்டம். மாலையில் சுண்டல் வைத்தால் தட்டைத் தள்ளிவிடுவான். நாங்கள் வற்புறுத்தவுமில்லை; பதிலுக்கு வேறு கொடுக்கவுமில்லை. அவன் எதிரில் அமர்ந்து நான் என் பங்கைத் தின்றேன். ஒரு புது உணவைக் குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்து முறை, சில வேளை அதற்கு மேலும் அது அதன் முன் வர வேண்டியிருக்கும் என்று படித்திருந்தேன். நாமோ இரண்டு முறை வைத்துவிட்டு, "அவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

ஒரு நாள் இரவு கொண்டைக்கடலை ஊற வைக்கும் வேலையை அவனிடம் கொடுத்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பிடி என்று அவனே அளந்து போட்டான். காலையில் எழுந்ததும் ஓடிப்போய்ப் பார்த்து, "தாத்தா, ரெண்டு மடங்கு ஆயிருக்கு!" என்று கூவினான். மாலையில் மருமகள் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துத் தேங்காய் துருவிப் போட்டபோது அருகிலேயே நின்றான். அன்று நான்கு கடலை தின்றான். அடுத்த வாரம் ஒரு கிண்ணம். இப்போது எந்த நாள் பாசிப்பயறு, எந்த நாள் தட்டாம்பயறு என்று முடிவு செய்வது அவன் பொறுப்பு.

மூன்று வயதுப் பேத்தியும் இருக்கிறாள். அண்ணன் தின்பதெல்லாம் அவளுக்கும் வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழு வேர்க்கடலை கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழலில் சிக்கிவிடும். ஆகவே வேர்க்கடலைச் சம்படத்தை அவள் கைக்கு எட்டாதபடி சற்று உயர்த்தி வைத்து, அவளுக்குப் பொடித்துத்தான் தருகிறோம். சுண்டலையும் நன்றாக மசித்துக் கொடுக்கிறோம். இதைப் பேரனிடம் விளக்கியபின் தங்கைக்குப் பொடிக்கும் வேலையையும் அவனே எடுத்துக்கொண்டான்.

கடைப் பண்டத்தை அறவே விலக்கவில்லை. என் தந்தையின் வழக்கத்துக்குத் திரும்பினோம். சனிக்கிழமை அவனும் நானும் கடைக்குப் போவோம். ஒன்றே ஒன்று, அவனே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் வாங்குமுன் உறையைப் படிக்க வேண்டும். எந்தப் பொருள் அதிகமோ அதுவே முதலில் என்ற எடை வரிசையில்தான் சேர்மானங்களை அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டின் விதி. "பழம்" என்று பெரிதாகப் படம் போட்ட ஒரு பொட்டலத்தில் பழம் கடைசியில் இருப்பதை அவனே கண்டுபிடித்தான்.

ஒரு சனிக்கிழமை அவன் குளிர்பானம் கேட்டான். 250 மில்லிப் புட்டி. நூறு மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை என்று எழுதியிருந்தது. கணக்கு ஆசிரியருக்கு இதைவிட நல்ல பாடம் ஏது? இருபத்தேழரை கிராம் என்று கணக்கிட்டான். ஒரு தேக்கரண்டிக்கு நான்கு கிராம் என்று கொண்டு, சீனி டப்பாவிலிருந்து அவனே ஒரு தட்டில் எடுத்துப் போட்டான். ஏறக்குறைய ஏழு கரண்டி. உணவில் சேர்க்கும் சர்க்கரை, நாம் பெறும் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. அவன் வயதுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,700 கலோரி தேவை. அதில் 5 விழுக்காடு என்றால் ஐந்து கரண்டிதான். தட்டிலிருந்த வெள்ளைக் குவியலை நெடுநேரம் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் புட்டியை நாங்கள் ஐவரும் ஆளுக்குச் சிறிது ஊற்றிக் குடித்தோம். பிறகு எல்லோரும் வாய் கொப்பளித்தோம்.

நம் ஊர்ப் பண்டங்கள் என்பதால் மட்டும் அவற்றுக்கு விதிவிலக்குக் கொடுத்துவிடவும் கூடாது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நானும் மகிழ்ந்தேன். அதிலுள்ள கடலையில் புரதம் உண்டு. ஆயினும் வெல்லமும் கருப்பட்டியும் பல்லைப் பொறுத்தவரை சர்க்கரைதான். எள்ளுருண்டை நாளைக்கு ஒன்று என்று வைத்ததும் அதனால்தான்.

பள்ளி வளாகத்துக்குள்ளும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்புத் தர நிர்ணய ஆணையம் 2020இல் விதி வகுத்தது. நல்ல விதி. ஆனால் தாத்தாவின் சட்டைப்பையை எந்த அதிகாரி வந்து சோதிப்பார்? வீட்டுக்குள் அந்த ஐம்பது மீட்டரை நாமேதான் அளக்க வேண்டும்.

சென்ற மாதம் இரத்தம் மீண்டும் சோதித்தோம். 11.8. மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மருந்துக்கே அதில் பெரும்பங்கு உண்டு. சம்படத்துக்கும் சிறு பங்கு இருக்கலாம். புதிய சொத்தை விழவில்லை. எங்களுக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் நான் சொல்ல வந்த மகிழ்ச்சி வேறு. சில வாரங்களுக்கு முன் ஒரு மாலை, அலுவலகத்திலிருந்து வந்த தாய் செருப்பைக் கழற்றுமுன்பே பேரன் ஓடிப்போய், "அம்மா, இன்னைக்கு ஸ்கூல்ல ஒரு பையனுக்குப் பிறந்தநாள். நான் மூணு சாக்லேட் தின்னேன்" என்றான். யாரும் கேட்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் உறை எதுவும் இல்லை. நான் செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டு மருமகளின் முகத்தைப் பார்த்தேன்.

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். "நல்லா ருசியா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"ரொம்ப" என்றான் அவன். பிறகு பல் துலக்கப் போனான்.